தென்கிழக்குச் சுவர்

சம்சாத்துக்கு வேர்க்காது. பிறந்த நாளிலிருந்தே வேர்க்காது. ஊரே துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு வெயிலைத் திட்டுகிற சித்திரை மாதத்தில் அந்தப் பிள்ளையின் தோல் மட்டும் காய்ந்த பனையோலையாகக் கிடக்கும். தொட்டால் சுடும். ஆறு வயசாகியும் வாயில் நாலைந்து பல்தான், அதுவும் ஊசி ஊசியாக. செங்கல்பட்டில் ஒரு டாக்டர் பொறுமையாகப் பார்த்தார். வேர்வை ஊறுகிற வழியே இந்தத் தோலில் இல்லை, சொந்தத்துக்குள்ளேயே கட்டிக்கொள்கிற குடும்பங்களில் எப்போதாவது இப்படிப் பிறப்பதுண்டு, மருந்து கிடையாது, உடம்பில் சூடு ஏறாமல் பார்த்துக்கொள்வது ஒன்றுதான் வைத்தியம் என்று சொல்லி அனுப்பினார். சூடு ஏறாமல் பார்த்துக்கொள்ள வேண்டுமாம், சதுரங்கப்பட்டினத்தில், சித்திரை மாதத்தில். டாக்டர் நல்ல மனுஷர்தான். ஆனால் அவர் தலைக்கு மேலே மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

உம்மு சல்மாவுக்கு இது புதிதல்ல. சம்சாத்துக்கு முன்னால் பிறந்த பையனும் வேர்க்காத பிள்ளைதான். அப்போது யாருக்கும் விவரம் தெரியவில்லை. ஜுரம் என்று நினைத்துக் கம்பளி போர்த்தி, கதவைச் சாத்தி, ஒரு கத்திரி வெயில் நாளில் அவனைப் பறிகொடுத்தார்கள். அதற்கப்புறம் பிறந்த இவளைக் காப்பாற்றுவதே அவளுக்குத் தொழுகைக்கு அடுத்த வேலையாகிவிட்டது. பழைய வேட்டியைக் கிழித்துச் சின்னச் சின்னச் சட்டைகளாகத் தைத்து வைத்திருந்தாள். ஒன்றை நனைத்துப் போட்டுவிடுவாள். அது காய்வதற்குள் இன்னொன்று நனைந்திருக்கும். கஞ்சி, நுங்கு, மோர் என்று பல் வேலை இல்லாத ஆகாரம். அண்டாவில் தண்ணீர் நிரப்பி உள்ளே உட்கார வைத்துவிட்டால் பிள்ளை தவளை மாதிரி கிடந்து சிரிக்கும்.

ஆனால் வீடு அவளோடு ஒத்துழைக்கவில்லை. புருஷன் மொய்னுதீனின் கடைத்தெரு வீடு மெத்தை வீடு. ஓட்டைப் பிரித்துப் போட்டுவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டபோது பாதி ஊர் வந்து அண்ணாந்து பார்த்துவிட்டுப் போனது. பெருமைக்கு எருமை மேய்த்த கதைதான். பகலெல்லாம் அந்தத் தளம் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு பொழுது சாய்ந்ததும் கீழே கக்கும். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், ஜன்னலுக்கு இடமில்லை. மின்விசிறி ஒன்று தொங்கியது. மழை பொய்த்து அணையெல்லாம் வற்றிக் கிடந்த வருஷங்கள் அவை, கரண்ட் எப்போது வரும் எப்போது போகும் என்று ஜோசியன்கூடச் சொல்ல மாட்டான். கூப்பிடு தூரத்தில் கல்பாக்கத்தில், கரண்ட் உண்டாக்குவதற்கென்றே மலை மலையாகக் கான்கிரீட் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அந்தக் கரண்ட் வருவதற்கு இன்னும் பல வருஷம் இருந்தது.

அங்கே வேலை பார்த்த ஒரு இன்ஜினியர்தான் சதாசிவம். தெற்கத்திக்காரர், வெற்றிலை போடுகிறவர், எதைப் பார்த்தாலும் பென்சிலை எடுக்கிறவர். மொய்னுதீனின் மளிகைக் கடைக்குச் சாமான் வாங்க வந்தவர், கடைக்குப் பின்னால் அண்டாவில் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பார்த்துவிட்டு விஷயத்தைக் கேட்டார். கேட்டுவிட்டு வீட்டுத் தளத்தைத் தொட்டுப் பார்த்தார். பிள்ளையின் ஈரச்சட்டையையும் தொட்டுப் பார்த்தார்.

"பாய், காத்தாடி ஓடினாலும் இந்த வீட்டுல சுடுகாத்துதான் சுத்தும். கரண்டை நம்பாத வீடு ஒண்ணு கட்டுவோம். கடல்காத்து சும்மாதான வருது."

"வூடு கட்டறது இன்னா பட்டம் வுடறதா சார், காத்த நம்பிக்கினு?" என்று மொய்னுதீன் சிரித்தார். சிரித்தாரே தவிர, அன்றைக்கே கடையை மூடிவிட்டு அவரைக் கூட்டிக்கொண்டு போய் ஊருக்கு வெளியே கால்வாய் ஓரத்தில் இருந்த மணல் நிலத்தைக் காட்டினார்.

சதாசிவம் ஒரு மாசம் சாயங்காலம் சாயங்காலமாக அங்கே போய் நின்றார். கையில் ஒரு கிழிசல் துணியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு காற்று எந்தப் பக்கம் இழுக்கிறது என்று பார்த்தார். மாடு மேய்க்கிறவர்கள் அவருக்கு மந்திரம் தெரியும் என்று பேசிக்கொண்டார்கள். கடைசியில் வரைந்து கொண்டுவந்த வீடு யாரும் பார்க்காத தினுசாக இருந்தது. மேற்கே ஒரு ஜன்னல் கிடையாது. மத்தியான வெயில் அடிக்கிற அந்தப் பக்கம் முழுக்கத் தடித்த மண்சுவரும் சாமான் அறையும் குளியலறையும். மேலே, மண்சட்டிகளைக் கவிழ்த்து அடுக்கி அதன்மேல் சுண்ணாம்புத் தளம், சட்டிக்குள் அடைபட்ட காற்று வெயிலைக் கீழே விடாது என்றார். கூரையின் உச்சியில் சூடான காற்று ஏறி ஓடிப்போக ஒரு கூண்டு. தென்கிழக்குச் சுவர்தான் வீட்டுக்கே உயிர். செங்கலைச் சாய்த்துச் சாய்த்து இடைவெளி விட்டு, தரையிலிருந்து தலை உயரம் தாண்டி முழுக்க ஓட்டை ஓட்டையாகக் கட்ட வேண்டும். சுவர் ஓரமாக உள்ளே ஒரு தண்ணீர்த் தொட்டி. கடல்காற்று ஓட்டை வழியாக நுழைந்து, தண்ணீர்மேல் தவழ்ந்து, பிள்ளைமேல் பட்டு, கூண்டு வழியாக வெளியே போகும்.

"தண்ணி ஊத்தினா மட்டும் சூடு இறங்காது பாய். அந்தத் தண்ணி காயணும். காயக் காயத்தான் இறங்கும். காயறதுக்குக் காத்து வேணும்" என்று சதாசிவம் சொன்னதைத் திரைக்குப் பின்னால் இருந்து உம்மு சல்மாவும் கேட்டாள். இதைத்தானே இத்தனை வருஷமாக விசிறிக்கொண்டு செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. யாரோ ஒருத்தர் தன் கைவலியைப் படமாக வரைந்துவிட்டார் என்று சந்தோஷப்பட்டாள்.

மொய்னுதீனுக்கு ஒரே கவலைதான் இருந்தது. வீட்டுப் பெண்கள் கோஷா, இத்தனை ஓட்டை வைத்தால் ரோட்டில் போகிறவன் கண்ணெல்லாம் உள்ளே வராதா? சதாசிவம் அதற்கும் பதில் வைத்திருந்தார். பகலில் வெளியே வெளிச்சம், உள்ளே நிழல். சாய்வுச் செங்கல் வழியாகப் பார்த்தால் இருட்டுதான் தெரியும். ராத்திரிக்குக் கோரைப்பாயை இறக்கிக்கொள்ளலாம். சுவர் எழுந்ததும் மொய்னுதீன் பெண்டாட்டியைக் கூட்டிப்போய் உள்ளே நிற்க வைத்துவிட்டு, தான் வெளியே மணலில் நின்று கண்ணை இடுக்கி இடுக்கிப் பார்த்தார். உம்மு சல்மா அவரைப் பார்த்து நாக்கைத் துருத்தினாள். அவர், "எங்க கீற? ஒண்ணியும் தெர்லியே" என்று சுவரைச் சுற்றிச் சுற்றி வந்தார். அவருக்குத் திருப்தியாகிவிட்டது. ஊர் அந்த வீட்டுக்குக் கோழிக்கூண்டு என்று பேர் வைத்தது. ஊர் வாயை மூட உலைமூடி உண்டா என்று விட்டுவிட்டார்.

சட்டித் தளம் முடிந்து சுண்ணாம்பு இறுகுவதற்காகத் தினமும் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்த மாசி மாதக் கடைசியில், சதாசிவத்தை வேலையாக ராஜஸ்தானுக்கு அனுப்பிவிட்டார்கள். அதே வாரம், தளத்தின்மேல் குடத்தோடு நின்ற மொய்னுதீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். கீழே இறக்குவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மய்யித்தைக் கடைத்தெரு வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். உம்மு சல்மா வெள்ளை உடுத்தி இத்தாவில் உட்கார்ந்தாள்.

இத்தா என்றால் நாலு மாதம் பத்து நாள். புருஷன் வாழ்ந்த வீட்டைவிட்டு வெளியே காலெடுத்து வைக்கக் கூடாது. கட்டிக்கொள்ளக்கூடிய உறவில் இருக்கிற எந்த ஆணும் அவளைப் பார்க்கக் கூடாது. குரல்கூடக் கேட்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தில் இன்னும் ஒரு படி மேலே வைத்துக்கொண்ட வழக்கம். புருஷனின் தம்பி நூர்முகமதுதான் இப்போது வீட்டுக்குப் பெரியவன். விறகு டிப்போ வைத்திருந்தான். அண்ணன் போனதிலிருந்து அவன் முகம் வெந்து போயிருந்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு திரை, திரைக்கு இந்தப் பக்கம் அவன் பெண்டாட்டி ஷஹர்பானு. அவன் சொல்வதை ஷஹர்பானு இவளுக்குத் திருப்பிச் சொல்வாள், இவள் சொல்வதை அவனுக்குத் திருப்பிச் சொல்வாள். திரையோ நைந்த வேட்டித் துணி. இரண்டு பேருக்கும் எல்லாம் நேராகவே கேட்கும். இருந்தாலும் ஷஹர்பானு சொல்லி முடிக்கிற வரைக்கும் காது கேளாதவர்கள் போல உட்கார்ந்திருப்பார்கள்.

பங்குனி எப்படியோ கழிந்தது. சித்திரை பிறந்ததும் தளம் தன் வேலையைக் காட்டியது. கடைத்தெருக் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய் உப்புக் கரித்தது. அண்டா நிரப்புகிற காலம் போய், குடம் குடமாக எண்ணிச் செலவழிக்கிற நிலைமை. முனியம்மா என்ற கிழவி வெளியிலிருந்து சுமந்து வந்து ஊற்றினாள், அதுவும் குடிக்கத்தான் காணும். பிள்ளை விளையாடுவதை நிறுத்திவிட்டது. தரையில் இன்னும் சூடேறாத இடம் எது என்று தேடித் தேடி உருண்டுகொண்டே இருந்தது. ஒரு நாள் மத்தியானம் அதன் கண் மேலே செருகி, கைகால் வெட்டிவெட்டி இழுத்தது. குடிக்க வைத்திருந்த தண்ணீரையும் பக்கத்து வீட்டுத் தண்ணீரையும் கொட்டி, நாலு பெண்கள் மாற்றி மாற்றி விசிறி அதைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். அன்றைக்கு உம்மு சல்மாவுக்கு நிச்சயமாகத் தெரிந்துவிட்டது. கத்திரி இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இந்த வீட்டில் இருந்தால் அது முடிகிறபோது பிள்ளை இருக்காது.

நூர்முகமது வந்து திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான்.

"எங்களப் புது வூட்டுக்கு அனுப்பிடச் சொல்லு ஷஹர்பானு" என்றாள். ஷஹர்பானு திருப்பிச் சொன்னாள்.

"அண்ணனத் தின்ன வூடு அது. இத்தா முடியட்டும், அப்பாலிக்கா பாத்துக்கலாம்னு சொல்லு."

"இத்தா முடியறதுக்குள்ள புள்ள முடிஞ்சிடும்னு சொல்லு."

இதை ஷஹர்பானுவால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. வாயைத் திறந்தவள் முந்தானையால் பொத்திக்கொண்டாள். சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. பிறகு அவன் எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு பள்ளிவாசலுக்குப் போனான்.

அங்கே தொழ வைக்கிற ஹஜ்ரத் கிதாபைப் புரட்டவில்லை. விஷயத்தைக் கேட்டதும் சொல்லிவிட்டார். "உயிருக்குப் பயம்னா மார்க்கத்துல எடம் கீது நூரு. வூடு மாத்தலாம். ஆனா அங்க மறைப்பு கெட்டியா இருக்கணும். மௌத்தாப் போன ஒன் அண்ணன் பேரு ஒருத்தன் வாயில வரக் கூடாது பாத்துக்க."

உத்தரவு கிடைத்தது என்று கேட்டபோது உம்மு சல்மா அழுதாள். புருஷன் போன துக்கத்தில் அழுததைவிட அன்றைக்குத்தான் அதிகம் அழுதாள். வெள்ளிக்கிழமை வரைக்கும் பொறுத்துக்கொள்ளச் சொன்னான் நூர்முகமது, வீட்டில் சின்ன வேலை ஒன்று பாக்கி இருக்கிறதாம். என்ன வேலை என்று அவள் கேட்கவில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை, விடியற்காலை சுபுஹுத் தொழுகை முடிந்த கையோடு, நாலு பக்கமும் புடவை கட்டிய மாட்டுவண்டியில் புறப்பட்டார்கள். ஷஹர்பானுவும் கூட வந்தாள். ஈரச்சட்டையோடு சம்சாத் மடியில் கிடந்தாள். கால்வாயைத் தாண்டி மணலில் சக்கரம் இறங்கியதும் புடவைத் துணி ஒரு தடவை உப்பி அடங்கியது. உம்மு சல்மா அதில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். காற்று இருக்கிறது, நம் புருஷன் நமக்கு ஒரு வீடு வைத்துவிட்டுப் போயிருக்கிறார் என்று நினைத்தாள்.

உள்ளே நுழைந்தவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. வீடு இருட்டாக இருந்தது. பச்சைச் சிமெண்ட் வாசனை மூக்கில் அடித்தது. தென்கிழக்குச் சுவர் இருந்த இடத்தில் வேறு ஏதோ சுவர் நின்றது. கையை வைத்துத் தடவினாள். வழவழவென்று இருந்தது. ஒரு ஓட்டை பாக்கியில்லாமல் செங்கல் துண்டு திணித்து, சிமெண்ட் அடைத்து, இழைத்துப் பூசியிருந்தது. அவள் தடவிக்கொண்டே அந்த முனைக்குப் போய், தடவிக்கொண்டே இந்த முனைக்கு வந்தாள்.

"அவரே பூசுனாரு அக்கா" என்றாள் ஷஹர்பானு. "கொத்தனாரு யாரும் கெடைக்கல, அல்லாரும் கல்பாக்கம் வேலைக்குப் போய்க்கினு கீறாங்க. சிமெண்டு ஒரு மூட்ட வாங்க எங்கெங்கியோ அலைஞ்சாரு. வெரலெல்லாம் புண்ணு. சோத்தப் பெசைய முடியல, நான்தான் ஊட்டி வுட்டேன். எங்க அண்ணி மேல ஒரு கண்ணு படக் கூடாதுன்னு சொல்லிக்கினே பூசுனாரு."

நூர்முகமது சுவருக்கு வெளியே நின்றுகொண்டிருந்தான். கல்யாண வீட்டில் முதல் பந்திச் சாப்பாட்டைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று காத்திருக்கிற சமையல்காரனைப் போல நின்றான். ஷஹர்பானு வாசலுக்குப் போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து, பிடித்திருக்கிறதா என்று கேட்கிறார் என்றாள்.

"இது காத்து வர்றதுக்கு வச்ச ஓட்டைங்க. இத்த அடைச்சா வூடே இல்ல. இப்பவே தொறக்கச் சொல்லு. பகல்ல வெளியிலேர்ந்து பாத்தா உள்ள ஆளு தெரியாது, அவங்க அண்ணனே நின்னு பாத்தாருன்னு சொல்லு."

கடைத்தெரு வீட்டில் என்றால் நைந்த வேட்டித் துணி இருந்தது. இங்கே அவன் கட்டின மறைப்பு அவ்வளவு கெட்டியாக இருந்தது, அவள் சொன்னது ஒன்றும் வெளியே போகவில்லை. ஷஹர்பானு வாசலுக்குப் போனாள். புருஷனின் கையைப் பார்த்தாள். விரல் நுனியெல்லாம் சிமெண்ட் தின்று தோல் உரிந்திருந்தது. "நல்லாக் கீதாம். கொஞ்சம் புழுக்கமாக் கீதாம்" என்றாள். அண்ணன் போன பிறகு முதல் தடவையாக அவன் முகத்தில் ரத்தம் ஓடியது. மேலே கூண்டு இருக்கிறது, பழகப் பழகச் சரியாகிவிடும், தொட்டியில் தண்ணீர் நிரப்பியிருக்கிறேன் என்று சொல்லிவிட்டு டிப்போவுக்குப் போனான். மத்தியானம் ஜும்மாத் தொழுகை முடிந்து இளநீரோடு வருகிறேன், எதுவானாலும் அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று சொன்னதாக ஷஹர்பானு உள்ளே வந்து சொன்னாள்.

அவன் வந்ததும் சுவரைத் திறந்துவிடுவான் என்று உம்மு சல்மா நம்பிக் காத்திருந்தாள். குற்றம் சொல்ல யார் இருக்கிறார்கள்? அவனும் பிள்ளைக்காகத்தான் உழைத்தான், ஷஹர்பானுவும் புருஷன்மேல் உள்ள பாசத்தில்தான் மென்று விழுங்கினாள். வேண்டாதவர்கள் கெடுத்தால் சண்டையாவது போடலாம்.

வெயில் ஏறியது. காலையில் மேற்கேயிருந்து வருகிற அனல்காற்று தடித்த சுவரில் மோதித் திரும்பிப் போயிற்று. அந்தப் பக்கத்தைச் சதாசிவம் ஒழுங்காகத்தான் யோசித்திருந்தார். ஆனால் இந்தப் பக்கம் கடல்காற்று வந்தபோது அதற்கு வழி இல்லை. வெளியே மணலை அள்ளிச் சுவரில் வீசுகிற சரசரப்பு மட்டும் கேட்டது. தொட்டித் தண்ணீர் அசையாமல் நின்று வீட்டுக்குள் ஆவியைப் பரப்பியது. ஈரச்சட்டை ஈரமாகவே இருந்தது. மாற்றிப் போட்ட சட்டையும் காயவில்லை. பிள்ளையைத் தூக்கித் தொட்டியில் வைத்தாள், கொஞ்ச நேரத்தில் தண்ணீரே வெதுவெதுத்துப் போயிற்று. வெளியே தூக்கிப் போகலாம் என்றால் நிழல் எங்கே? சவுக்குத் தோப்பைப் போன வருஷம்தான் வெட்டி விறகு டிப்போவுக்கு ஏற்றியிருந்தார்கள். புதுக் கன்றுகள் முழங்கால் உயரம். கண்ணுக்கு எட்டின வரைக்கும் கொதிக்கிற மணல். சாமான் அறையில் வைத்துப் பார்த்தாள், குளியலறையில் வைத்துப் பார்த்தாள். இரண்டு பெண்களும் தோள் இற்றுப் போகும்வரை விசிறினார்கள். அடைபட்ட காற்றையே திரும்பத் திரும்பக் கிளறிக்கொண்டிருந்தார்கள்.

பள்ளிவாசலில் ஜும்மா முடிகிற நேரத்துக்குச் சம்சாத்தின் முனகல் நின்றது. கண் மேலே செருகியது. அந்த நாலைந்து பல்லும் நறநறவென்று ஒன்றோடொன்று உரசின.

"நான் அவராண்ட நீ சொன்னத்த சொல்லல அக்கா" என்று ஷஹர்பானு சட்டென்று உளறினாள். "அவரு கையப் பாத்துட்டு எனக்கு வாய் வர்ல."

உம்மு சல்மா அவளை ஏறிட்டுப் பார்த்தாள். திட்டக்கூட நேரமில்லை. குப்பத்தில் மீன் பெட்டிக்குப் போடுகிற ஐஸ் இருக்கும், ஓடு என்றாள். ஷஹர்பானு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் மணலில் ஓடினாள்.

இப்போது வீட்டில் அவளும் பிள்ளையும் சுவரும். அவள் சமையல்கட்டுக்குப் போய் அம்மிக் குழவியை எடுத்துவந்தாள். பிள்ளைக்கு நேரே இருந்த இடத்தில் ஓங்கி இடித்தாள். பூச்சு ஒரு செதில் உதிர்ந்தது. இன்னும் இடித்தாள். யா அல்லா, யா அல்லா என்று வாய் சொல்லிக்கொண்டே இருந்தது, கை இடித்துக்கொண்டே இருந்தது. வெள்ளைப் புடவையெல்லாம் சிமெண்ட் தூள். திரும்பித் திரும்பிப் பிள்ளையைப் பார்த்தாள். அதன் குதிகால் தரையை உதைத்துக்கொண்டிருந்தது. கம்பளிக்குள் கிடந்த அந்தப் பையனின் குதிகாலும் இப்படித்தான் உதைத்தது. இரண்டாவது பிள்ளையையும் நாமே மூடி வைத்துக் கொல்லப் போகிறோமா என்று நினைத்தபோது அவளுக்கு எங்கிருந்தோ பலம் வந்தது. செங்கல் துண்டு ஒன்று பொத்தென்று வெளியே விழுந்து, உள்ளங்கை அகலத்துக்கு வெளிச்சம் விழுந்தது.

வெளியே இளநீர்க் குலையோடு வந்துகொண்டிருந்த நூர்முகமது அந்தச் சத்தத்தில் அப்படியே நின்றான். தான் பூசிய சுவரில் ஒரு பொத்தல். பொத்தலில் வெள்ளைப் புடவையின் அசைவு. அவன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"ஷஹர்பானு! இன்னா சத்தம்? இன்னா பண்றாங்கன்னு கேளு."

குழவி மறுபடி இடித்தது.

"ஷஹர்பானு, சொவர ஏன் ஒடைக்கறாங்க? ஹஜ்ரத் சொன்னத்த சொல்லு. நிறுத்தச் சொல்லு."

அவன் கடலைப் பார்த்து நின்றுகொண்டு, இல்லாத பெண்டாட்டியைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டான். திருப்பிச் சொல்ல ஆள் இல்லாமல் அந்த இரண்டு பேருக்கும் நடுவில் எந்த வார்த்தையும் நடக்காது என்பது அவனுக்குப் பழகிப்போயிருந்தது.

குழவிச் சத்தம் நின்றது. பொத்தலுக்கு நேரே ஒரு மூச்சிரைப்புக் கேட்டது. அப்புறம், அண்ணன் போனதிலிருந்து அவனிடம் நேரே பேசியிராத குரல்.

"தம்பி. ஷஹர்பானு இல்ல. புள்ளைக்கு இழுக்குது. காத்து வர்ற வழிய நீங்க அடைச்சிட்டீங்க. ஒடைங்க."

அவன் கையிலிருந்து குலை நழுவி விழுந்தது. அண்ணனின் முதல் பிள்ளைக்குக் குழி தோண்டினவர்களில் அவனும் ஒருத்தன். மண்வெட்டிக்கு வேலையே இல்லாத அளவுக்குச் சின்னக் குழி. அவன் ஓடிப்போய்ச் சிமெண்ட் குழைத்த இடத்தில் கிடந்த கடப்பாரையை எடுத்துவந்தான். சுவருக்கு முன்னால் வந்ததும் ஒரு கணம் தயங்கினான். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கண்ணை இறுக்கிக் கட்டிக்கொண்டான். அவன் பூசிய சுவர்தானே, எந்த வரிசையில் எத்தனை ஓட்டை என்று விரலுக்கே தெரிந்திருந்தது. இடது கையால் தடவிப் பார்த்தான், வலது கையால் குத்தினான். முதல் குத்து சரியாக விழுந்தது. இரண்டாவது அவன் விரலிலேயே விழுந்தது. அவன் கையை உதறிவிட்டு மறுபடி தடவினான்.

சிமெண்ட் இன்னும் முழுக்க இறுகவில்லை. வெளியிலிருந்து அவன் குத்த, உள்ளேயிருந்து அவள் இடிக்க, துண்டு துண்டாகப் பெயர்ந்து தொட்டியில் விழுந்தது. ஒவ்வொரு ஓட்டை திறந்தபோதும் உள்ளே ஒரு கோடு வெளிச்சம் விழுந்து, அதில் தூள் பறந்தது. முதலில் தூள் அந்தரத்தில் அப்படியே நின்றது. ஒரு வரிசை திறந்ததும் மெதுவாக நகர்ந்தது. அப்புறம் ஒரே பக்கமாகச் சாய்ந்து கூரைக் கூண்டை நோக்கி ஓடியது. உம்மு சல்மா குழவியைப் போட்டுவிட்டுப் பிள்ளையைத் தூக்கிச் சுவரோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். அவள் கையிலிருந்த சின்ன உடம்பு இன்னும் கொதித்துக்கொண்டுதான் இருந்தது. கால் உதைப்பது மட்டும் குறைந்திருந்தது. பிழைக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை. குனிந்து தொட்டித் தண்ணீரை அள்ளி அதன் மார்பில் ஊற்றினாள், காற்று வருகிற பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள், மறுபடி அள்ளி ஊற்றினாள்.

வெளியே கடப்பாரை நின்றது. கால்வாய் ரோட்டில் சைக்கிளில் போன இரண்டு பேர் இறங்கி நின்று, கண்ணைக் கட்டிக்கொண்டு சொந்த வீட்டை இடிக்கிற மனுஷனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நூர்முகமதுக்கு அது தெரியாது. துண்டு நனைந்து அவன் கன்னத்தில் ஒட்டியிருந்தது. விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. பழக்கத்தில், "ஷஹர்பானு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். ஓட்டைக்கு அருகில் முகத்தைக் கொண்டுவந்தான்.

"அண்ணி, காத்து வருதா?"

"வருது தம்பி. நிறுத்தாதீங்க."